ஒன்பது மணி நேர நிலக்கரிக்கு ஒரு மலையடிவாரமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கமெண்ட் போடுங்கள். வகுப்பில் பாதிப் பாடம் நடக்கும்போதே கையைத் தூக்கும் பழக்கம் உங்களில் பல பேருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும், சொந்தக்காரர்கள் குழுவிலும் ஒரே வாரத்தில் ஒரே செய்தி சுற்றி வந்தது. சாரம் இதுதான்: "வடகிழக்கு மலை அடிவாரத்தில் எல்லையில்லாத நிலக்கரி புதைந்து கிடக்கிறது. முதல் தரச் சரக்கு. அதை வெட்டினால் கரண்ட் பில் பாதியாகிவிடும். வெளிநாட்டுக் காசு வாங்கிய நாலு பேர் யானை, குரங்கு என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற சனத்துக்கும் அதனால்தான் பிழைப்பு இல்லை." முடிவில் வழக்கம்போல, "உண்மையான இந்தியராக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்."

அதற்கு நாற்பது கட்டைவிரல், பத்துப் பதினைந்து கைதட்டல். தட்டியவர்களில் பட்டறை நடத்துகிறவர்கள், மில்லில் மேலாளராக இருக்கிறவர்கள், பொறியியல் படித்தவர்கள், இரண்டு வாத்தியார்கள். படிக்காதவர்கள் அனுப்பியிருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். என்னிடம் புவியியல் படித்தவர்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த மலையடிவாரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அசாமின் கிழக்கு மூலை, தின்சுகியா மாவட்டம். மார்கெரிட்டா, லீடோ என்று ஊர்கள். அதற்குத் தெற்கே பட்காய் மலைத்தொடர், அதைத் தாண்டினால் மியான்மர். அந்த அடிவாரத்தில் இருக்கும் படிவுப் பாறைத் தொகுதிக்கு டிகாக் பர்பத் என்று பெயர். பராய்ல் என்ற பெரிய பாறைக் குடும்பத்தின் ஒரு பகுதி. மணற்கல், களிமண் பாறை, நடுநடுவே நிலக்கரி. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலோரச் சதுப்புக் காடு. விழுந்த மரமும் இலையும் சேற்றில் அமுங்கி, மேலே மணல் மூடி, நிலக்கரியாயிற்று. பிறகு இந்தியத் தட்டு கிழக்கே முட்டியதில் அந்த அடுக்கெல்லாம் மடிந்து, உடைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சாய்ந்து நிற்கிறது. அங்கே 60 அடி அடுக்கு, 20 அடி அடுக்கு என்று கனத்தை வைத்தே நிலக்கரி அடுக்குக்குப் பெயர். இந்த இடத்துக்கு மாக்கும் நிலக்கரி வயல் என்று பெயர்.

நம்ம ஊருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு தம்பி "சார், மருதமலை அடியில தோண்டினா நிலக்கரி வருமா?" என்று கேட்டான். வராது கண்ணு. நம் அடியில் இருப்பது நைஸ், நீலகிரிப் பக்கம் சார்னோக்கைட். 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறை. அது உருவானபோது உலகத்தில் தரையில் ஒரு செடிகூடக் கிடையாது. செடி இல்லாத காலத்துப் பாறையில் நிலக்கரி எங்கிருந்து வரும்? நமக்கு மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் உண்டு, கருங்கல் ஜல்லி உண்டு, நிலக்கரி மட்டும் கிடையாது. நிலக்கரி இல்லாத ஊர்க்காரன் நிலக்கரி இருக்கும் ஊரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அடக்கத்தோடு பேசவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி செய்திக்கு வருவோம்.

ஒன்று. "எல்லையில்லாத நிலக்கரி."

இந்தியாவின் நிலக்கரி வளத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கோண்ட்வானாப் பாறைகளில் இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா. வடகிழக்கின் இளவயது நிலக்கரி முழுவதையும் கூட்டினாலும் நூற்றில் ஒரு பங்கு தேறாது.

வெட்டி எடுக்கும் கணக்கைப் பாருங்கள். 2024-25-ல் நாடு முழுவதும் எடுத்த நிலக்கரி 100 கோடி டன்னுக்கு மேல். மார்கெரிட்டாவில் கோல் இந்தியாவின் சுரங்கங்கள் நன்றாக ஓடிய காலத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். அண்மை ஆண்டுகளில் அதைவிடவும் குறைவு. அதாவது ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய். இன்னொரு விதமாகச் சொன்னால், இந்தியா முழுக்க ஒன்பது மணி நேரத்தில் வெட்டி எடுக்கிற நிலக்கரிதான் அந்த அடிவாரம் ஒரு வருஷம் முழுக்கக் கொடுத்தது. காலையில் எட்டு மணிக்கு மில்லுக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புகிறீர்களே, அந்த நேரத்துக்கு உண்டானது.

இதில் உங்கள் கரண்ட் பில் எப்படிப் பாதியாகும்? நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. செய்து பார்க்காமலே நாற்பது கட்டைவிரல்.

பட்டறைக்காரத் தம்பிகளே, உங்கள் வலி எனக்குப் புரியாமல் இல்லை. நிலைக்கட்டணமும் பீக் ஹவர் கட்டணமும் சிறுதொழிலை எப்படிப் பிழிகின்றன என்பதை 2023-ல் கோவையும் திருப்பூரும் கடையடைத்துச் சொன்னதே. அது நியாயமான சண்டை. அந்தச் சண்டையைப் போடவேண்டிய இடத்தில் போடுங்கள். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணத்துக்கும் பட்காய் மலைக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கோபத்தை யாரோ வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள், நீங்களும் திரும்புகிறீர்கள்.

இரண்டு. "முதல் தரச் சரக்கு."

பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட மோசம். மாக்கும் நிலக்கரியில் சாம்பல் குறைவு, சூடு அதிகம். அதை ஒப்புக்கொள்கிறேன். நம் கோண்ட்வானா நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பலாகவே நிற்கும். ஆனால் கோண்ட்வானா நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே. மாக்கும் நிலக்கரியில் இரண்டு விழுக்காட்டிலிருந்து அதற்கு மேலும் போகும். கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்பில் உண்டானது என்பதால் வந்த குணம். அந்தக் கந்தகத்தில் பெரும்பகுதி நிலக்கரியின் உடம்போடு கலந்தது. கழுவினால் போகாது. எரித்தால் கந்தக டை ஆக்சைடு.

எரிக்காமல் வெட்டிப் போட்டாலும் வம்புதான். மிச்சமுள்ள கந்தகம் பைரைட்டாக, இரும்போடு சேர்ந்து இருக்கிறது. பாறைக்குள் மூடிக் கிடக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. வெட்டித் திறந்து காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். நம் கோவை நகரில் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அங்கே 2,500-க்கு மேல். அந்த மழை முழுக்கச் சுரங்கக் குழியையும் மண்மேட்டையும் கழுவிக்கொண்டு, துருப்பிடித்த நிறத்தில், புளித்த தண்ணீராக ஓடைக்குப் போகிறது. ஓடை புர்ஹி திஹிங் ஆற்றுக்கு. ஆறு பிரம்மபுத்திராவுக்கு. நடுவில் நெல்வயலும் தேயிலைத் தோட்டமும் குடிக்கிற தண்ணீரும்.

ஆறு கெட்டால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்கவேண்டுமா? நொய்யல் இருக்கிறதே. 1992-ல் பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகப் போனதே. அணையைத் திறக்காதே என்று கீழ்ப்பக்கத்து விவசாயியே கோர்ட்டுக்குப் போன கதை உலகத்தில் வேறெங்காவது உண்டா? 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூரே நின்றுபோனது. "அன்றைக்கே கணக்குப் பார்த்துச் செய்திருந்தால்" என்று நம் ஆட்கள் புலம்பினார்கள். அதே புலம்பலை மார்கெரிட்டாக்காரனும் புலம்பவேண்டும் என்றா கைதட்டுகிறீர்கள்?

மூன்று. "வெளிநாட்டுக் காசு வாங்கியவர்கள் தடுக்கிறார்கள்."

என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2020 ஏப்ரல். ஊரடங்கு. நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தோம். அப்போது தேசிய வனவுயிர் வாரியத்தின் நிலைக்குழு காணொளியில் கூடி, சலேகி என்ற உத்தேசக் காப்புக்காட்டில் 98.59 ஹெக்டேரை, நம் கணக்கில் 243 ஏக்கருக்கு மேல், டிக்கோக் திறந்தவெளிச் சுரங்கத்துக்குத் தரலாம் என்று பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதியான 57 ஹெக்டேர் ஏற்கெனவே வெட்டப்பட்ட நிலம்! அனுமதி கேட்கும் முன்பே வெட்டு முடிந்திருக்கிறது. அந்தச் சுரங்கத்தின் குத்தகை 2003-லேயே காலாவதி. 2003-லிருந்து 2019 வரை அனுமதியில்லாமல் வெட்டியதற்காக அசாம் வனத்துறை கோல் இந்தியாவுக்கு விதித்த அபராதம் 43.25 கோடி ரூபாய்.

அபராதம் போட்டது மாநில அரசின் வனத்துறை. அதுவும் வெளிநாட்டுக் காசா?

எதிர்த்துக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் அசாமின் கல்லூரிப் பிள்ளைகள். வெளியே வர முடியாத காலத்தில் செல்போனை வைத்தே போராடினார்கள். படம் வரைந்தார்கள், பாட்டுக் கட்டினார்கள், எண்களை எடுத்துப் போட்டார்கள். நம் பிள்ளைகள் 2017 ஜனவரியில் வ.உ.சி. மைதானத்தில் சல்லிக்கட்டுக்கு உட்கார்ந்தபோது நாம் பெருமைப்பட்டோம் அல்லவா? நம் பிள்ளை உட்கார்ந்தால் எழுச்சி, அவர்கள் பிள்ளை உட்கார்ந்தால் வெளிநாட்டுச் சதியா? அந்த எதிர்ப்பால் 2020 ஜூனில் அங்கே சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு 234 சதுர கிலோமீட்டர் திஹிங் பட்காய் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதுவும் முழு வெற்றி இல்லை. நிலக்கரி இருக்கும் குன்றுகள் எல்லாம் பூங்காவுக்குள் வந்துவிடவில்லை.

அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அசாமின் மாநில மரமான ஹொல்லோங், ஐம்பது மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். ஹூலக் கிப்பன், இந்தியாவில் இருக்கும் ஒரே வாலில்லாக் குரங்கு இனம். அது தரையில் இறங்கி நடக்கிற பிராணி இல்லை. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவில் நூறு ஏக்கர் வெட்டினால் அந்தப் பக்கம் இருக்கும் குடும்பமும் இந்தப் பக்கம் இருக்கும் குடும்பமும் ஒன்றையொன்று இனிப் பார்க்காது. "வெட்டிவிட்டு மரம் நட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு பொறியாளர் தம்பி எழுதியிருந்தார். நடலாம் தம்பி. வேறு மாவட்டத்தில், வேறு மண்ணில், தேக்கும் யூகலிப்டஸும் நடலாம். ஹொல்லோங் அந்த உயரத்துக்கு வர எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டீர்களா?

நான்கு. "அது எங்கோ இருக்கிறது, நமக்கு என்ன?"

இதைச் செய்தியில் எழுதவில்லை. என் சொந்தக்காரர் ஒருவர், எனக்கு மச்சான் முறை, போனில் சொன்னது. அவர் சொன்னதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம்.

மச்சான், 2013-ஐ மறந்துவிட்டீர்களா? கெயில் குழாய் நம் ஏழு மாவட்டத்துத் தோட்டங்களுக்குள் புகுந்து வந்தது. பொக்லைனை மறித்து நின்றவர்களில் நம் ஆட்களும் உண்டு. மாநில அரசு "நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போ" என்றது. 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. அன்றைக்கு டெல்லியிலும் சென்னையிலும் ஏசி அறையில் இருந்தவர்கள் நம்மைப் பார்த்து என்ன சொன்னார்கள்? வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறவர்கள் என்று.

2018-ல் உயர்மின் கோபுரம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூருக்கு 800 கிலோவோல்ட் பாதை. 6,000 மெகாவாட். அது நிலக்கரி நாட்டிலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரம்தான். ஈரோட்டிலும் திருப்பூரிலும் விவசாயிகள் பட்டினி கிடந்தார்கள். "சாலையோரமாகக் கேபிளாகப் பதியுங்கள், தென்னந்தோப்பின் நடுவில் கோபுரம் நட்டால் நிலத்துக்கு மதிப்பே போய்விடும்" என்றார்கள். அப்போதும் நமக்குக் கிடைத்த பட்டம் அதே பட்டம்தான்.

தடாகம் பள்ளத்தாக்கு? சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை, ஐந்து பஞ்சாயத்து. மலையடிவாரச் செம்மண்ணை வெட்டி வெட்டி ஓடை எது, குழி எது என்று தெரியாமல் போனது. யானை இறங்கும் வழியெல்லாம் பள்ளம். அனுமதியில்லாத சூளைகள் 180-க்கு மேல். 2021-ல்தான் மூடினார்கள். அது மூடப்பட்டபோது இதே வாட்ஸ்அப் குழுவில் "நம் மலை பிழைத்தது" என்று எழுதியவர்கள் நீங்கள்தான். எழுதிய கைதான் இன்று பட்காய் அடிவாரத்தை வெட்டு என்கிறது.

2023 மார்ச் கடைசியில் டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்களை ஏலப் பட்டியலில் போட்டார்கள். தமிழ்நாடே ஒரே குரலில் எதிர்த்தது. முதலமைச்சர் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சியும் பேசியது. பத்தே நாளில் மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. நமக்குக் குரல் இருந்தது. நாடாளுமன்றத்தில் 39 பேர் இருக்கிறார்கள். அசாமுக்கு 14 பேர். அந்த மூலையில் ஒரு தொகுதி. அவர்கள் குரல் சின்னதாகக் கேட்கிறது என்பதற்காக அவர்கள் சொல்வது பொய்யாகிவிடாது.

தனக்கு வந்தால் இரத்தம், அடுத்தவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி என்று நீங்களே கிண்டலாகச் சொல்வீர்களே. அந்தக் கிண்டலை இப்போது யாரைப் பார்த்துச் சொல்வது?

ஐந்து. "அங்கிருக்கிற சனத்துக்குப் பிழைப்பு."

இதுதான் செய்தியிலேயே ரொம்ப இரக்கமுள்ளதுபோல எழுதப்பட்ட வரி. அதனால் இதையே கடைசியாக வைத்தேன்.

மார்கெரிட்டாவில் நிலக்கரி வெட்ட ஆரம்பித்தது நேற்று இல்லை. 1880-களில். ஆங்கிலேயக் கம்பெனி ரயில் போட்டது நிலக்கரிக்காகத்தான். பக்கத்து திக்பாயில் 1889-ல் எண்ணெய்க் கிணறு, 1901-ல் சுத்திகரிப்பு ஆலை. அதாவது 140 ஆண்டுகளாக அந்த மண் நிலக்கரியும் எண்ணெயும் தேயிலையும் கொடுத்திருக்கிறது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்ததும் ஏறத்தாழ அதே காலம். பூமிக்கு அடியில் ஒன்றும் இல்லாத நாம் என்ன ஆனோம், எல்லாம் இருந்த அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு ரயில் வருகிறது. விவேக் எக்ஸ்பிரஸ். 4,100 கிலோமீட்டருக்கு மேல், இந்தியாவிலேயே மிக நீளமான ஓட்டம். தின்சுகியாவில் ஏறினால் நாள் கணக்கில் உட்கார்ந்து வந்து ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இறங்கலாம். இறங்குகிறார்கள். பனியன் கம்பெனியில் டெய்லராக, நூற்பாலையில் தறிக்கும் கதிருக்கும் நடுவில், அவிநாசி ரோட்டு ஓட்டல்களில் தட்டுக் கழுவ, பேக்கரியில் டீ ஊற்ற. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். நிலக்கரி ஊரை வாழவைக்கும் என்பது உண்மையானால், 140 வருஷம் நிலக்கரி வெட்டிய மாவட்டத்துப் பையன் எதற்காக நிலக்கரியே இல்லாத திருப்பூருக்கு மூன்று ராத்திரி பயணம் செய்து வரவேண்டும்? இந்தக் கேள்விக்கு அந்த ஃபார்வர்டை எழுதியவர் பதில் சொல்லட்டும். நாம்தான் திசைதெரியாமல் "வடக்கன்" என்று ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டிவைத்திருக்கிறோம். கிழக்கிலிருந்து வருகிறவன் வடக்கன் எப்படி ஆவான் என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

நிலக்கரி அங்கே கொடுக்கிற இன்னொரு பிழைப்பும் உண்டு. எலிவளைச் சுரங்கம். ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மேகாலயாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை விதித்தது. தடை காகிதத்தில் இருந்தது. 2018 டிசம்பரில் அதே மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் தண்ணீர் புகுந்து 15 பேர் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் அசாமின் உம்ரங்சோவில் 9 பேர். பட்காய் அடிவாரத்திலும் இந்த வளைகள் உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் காட்டுக்குள் ரோடு போட்டுக் கொடுக்கிறது, அந்த ரோட்டு வழியே இருட்டில் இவர்கள் போகிறார்கள், இவர்களுக்குப் பின்னால் லாரி போகிறது.

2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர் மாட்டிக்கொண்டபோது பெரிய மிஷினெல்லாம் உடைந்துபோய், கடைசியில் எலிவளைத் தொழிலாளர்கள்தான் கையால் தோண்டி மீட்டார்கள். அன்றைக்கு நம் குழுவில் அவர்களைத் தெய்வம் என்றோம். அந்தக் கைவித்தை எந்தக் குழிக்குள் பழகியது என்று யாரும் கேட்கவில்லை.

சரி. இனி உங்கள் பக்கத்தில் இருக்கும் பலமான வாதத்தையும் நானே எடுத்து வைக்கிறேன். "சார், நீங்களும் ஃபேன் போடுகிறீர்கள், மோட்டார் ஓட்டுகிறீர்கள். இந்தியாவில் முக்கால்வாசி மின்சாரம் நிலக்கரியில்தான் வருகிறது. எங்கேயாவது வெட்டித்தானே ஆகவேண்டும்?"

ஆமாம். மறுக்கவில்லை. நம் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து நிலக்கரி ரயிலில் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி, மறுபடியும் ரயிலேறி வருகிறது. என் வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறது. நாளைக்கே எல்லாச் சுரங்கத்தையும் மூடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் இருட்டில் உட்காரத் தயாராக இருக்கவேண்டும்.

ஆனால் "எங்கேயாவது வெட்டவேண்டும்" என்பதிலிருந்து "எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம்" என்பது எப்படி வரும்? வீட்டுக்கு விறகு வேண்டும் என்பதற்காகக் கோயில் தலமரத்தை வெட்டுவோமா? ஆயிரத்தில் ஒரு பங்குக்காக, கந்தகம் மிகுந்த நிலக்கரிக்காக, கொட்டும் மழையில், சாய்ந்து நிற்கிற பாறையில், யானையும் கிப்பனும் இருக்கிற காட்டில் வெட்டவேண்டிய நெருக்கடி இந்த நாட்டுக்கு வரவில்லை. எண்ணே அதைச் சொல்கிறது.

மின்சாரத்தைப் பற்றிப் பேச கொங்கு நாட்டுக்குத் தனித் தகுதி உண்டு. 1932-ல் பைக்காரா தண்ணீரில் மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்லுக்கு மேல் மில்லாக முளைத்தது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையை ஏற்றிவைத்தது நிலக்கரி இல்லை, மலைத்தண்ணீர். இன்றைக்கும் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பல்லடம், உடுமலை, கேத்தனூர் காற்றாலைகளைச் சுற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று இல்லாத மாதங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்காகத்தான் நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்குவது. அந்த வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டு பத்துப் பேருக்கு ஃபார்வர்டு அனுப்புங்கள். அதில் பொருள் உண்டு. பழைய காற்றாலையைப் புதுப்பிக்க விதி எளிதாகவேண்டும் என்று கேளுங்கள். மில் கூரையில் சோலார் போட்டவர்களுக்கு நெட்வொர்க் கட்டணம் என்று தனியாகப் பிடிக்கிறார்களே, அதைக் கேளுங்கள். இவையெல்லாம் உங்கள் கைக்கு எட்டுகிற சண்டை. 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காட்டைக் காட்டி உங்கள் கவனத்தைத் திருப்புகிறவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்காது.

கடைசியாக, வாத்தியார் என்ற பழைய உரிமையில் மூன்று வீட்டுப்பாடம்.

அந்த ஃபார்வர்டை அனுப்பியவர்கள், அனுப்பிய குழுக்களில் எல்லாம் 100 கோடி டன்னையும் 10 லட்சம் டன்னையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். படிக்கிறவர்களே வகுத்துக்கொள்வார்கள்.

உங்கள் கம்பெனியில், உங்கள் ஓட்டலில் அசாம் பிள்ளைகள் இருந்தால், ஊர் எது என்று கேளுங்கள். தின்சுகியா, திப்ருகர் என்றால் உட்காரவைத்து நிலக்கரியைப் பற்றிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மிணிகளே, உங்கள் மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

மூன்றாவது, மறுத்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். மச்சான், நீங்களும்தான். உங்களிடம் கோபம் இருக்கிறதே தவிர விரோதம் இல்லை. ஆனால் "தேசத்துரோகி", "வளர்ச்சிக்கு எதிரி" என்றெல்லாம் எழுதினால் நான் பதில் போடமாட்டேன். நம் தோட்டத்தில் குழாய் பதிக்க வந்தபோது நம் அப்பன்மாரைப் பார்த்துச் சொன்ன சொற்கள் அவை. அதை நம் வாயால் இன்னொருவனைப் பார்த்துச் சொல்லவேண்டாம். எண்ணோடு வாருங்கள், பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் வாத்தியார்